மாலை ஆனால் பின்கட்டில் மட்டும் பாட்டு நின்றுவிடுகிறது: கல் வீட்டுக்கு எந்த வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கலாம்?

கல்வீடு_கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து அரவேணு போகும் வழியில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கட்டடம். இரண்டடி கனத்துக் கருங்கல் சுவர், மேலே தகரக் கூரை, அதற்குக் கீழே மரப்பலகை சீலிங். முன்பக்கம் ஹாலும் ஒரு படுக்கை அறையும். நடுவில் திறந்த முற்றம். அதைத் தாண்டிப் பின்கட்டில் சமையலறை, சாப்பாட்டு அறை, அப்பாவின் அறை. அப்பாவுக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது, செய்தித்தாள் படிக்க முடிவதில்லை, டிவி பார்ப்பதும் இல்லை, பாட்டும் செய்தியும்தான் அவருக்கு நாள் முழுக்கத் துணை. அவர் எந்த அறைக்குப் போனாலும் பாட்டு கூடவே வர வேண்டும் என்றுதான் ஒரே கம்பெனியின் ஐந்து வயர்லெஸ் ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வாங்கினேன்.

மூன்று பிரச்சனை. ஒன்று, மாலை ஆறரைக்கு மேல் பின்கட்டில் இருக்கும் மூன்று ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் நின்றுவிடுகின்றன, முன்பக்கம் இருக்கும் இரண்டும் பாடிக்கொண்டே இருக்கின்றன. மூன்று நான்கு நிமிடம் கழித்துப் பின்கட்டும் தானாகவே வந்துவிடும். சில நாள் ஒரு மாலைக்குள் மூன்று தடவை. காலையில் ஒரு நாள்கூட நின்றதில்லை. இரண்டு, என் போனில் ஐந்து ஸ்பீக்கரும் தெரிகின்றன, அம்மா போனில் பல நேரம் ஒன்றுகூடத் தெரிவதில்லை. மூன்று, முற்றத்தில் நின்றால் ஒரே பாட்டு இரண்டாகக் கேட்கிறது.

இன்டர்நெட்டை 50 எம்பியிலிருந்து 150 எம்பிக்கு மாற்றினேன், பயனில்லை. எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன். வீடு முழுக்க சிக்னலைப் பரப்பும், மூன்று பெட்டி கொண்ட மெஷ் வைஃபையும் வாங்கி வைத்தேன். கடையில் கேட்டால் இந்த மாடலே சரியில்லை, விலை கூடியதாகப் போங்கள் என்கிறார்கள். ஐந்தையும் விற்றுவிட்டு வேறு வாங்கலாமா? வாங்கினால் எது? அப்பா சாப்பிடும் நேரத்தில் பாட்டு நின்று, அவர் தடுமாறி எழுந்து போய் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பதைப் பார்க்க முடியவில்லை.

குன்னூர்_பனி

எங்கள் வீட்டிலும் இதே கல் சுவர்தான். முதலில் வைஃபை சேனலைப் பாருங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள். பக்கத்து வீடுகளும் அதே சேனலில் இருந்தால், மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் நெரிசலாகிவிடும். சமையலறையில் மைக்ரோவேவ் ஓவன் இருந்தால் அதுவும் இதே அலைவரிசையில்தான் கிடக்கிறது.

கல்வீடு_கோத்தகிரி

மைக்ரோவேவ் கிடையாது சார். பக்கத்து வீடு என்று பார்த்தால் தேயிலைக்கு அந்தப்பக்கம் ஒன்றே ஒன்று, அவர்கள் வைஃபை இங்கே தெரிவதுகூட இல்லை. ஆனாலும் சேனலை 11-க்கு மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

கேத்தி_வயரிங்

தம்பி, எதையும் விற்காதீர்கள். நான் பதினெட்டு வருடமாக இந்த மலையில் வயரிங் வேலை செய்கிறேன், எஸ்டேட் பங்களா முதல் லைன் வீடு வரை பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று ஸ்பீக்கரும் ஒரே நொடியில் நிற்கின்றன என்றால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. மூன்றும் ஒன்றாகக் கெட்டு ஒன்றாகச் சரியாகாது. அந்த மூன்றுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அதுதான் போய் வருகிறது. பின்கட்டில் மெஷ் பெட்டி ஒன்று இருக்க வேண்டுமே, அது எங்கே இருக்கிறது, எந்த பிளக்கில் சொருகியிருக்கிறது, அந்த போர்டில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று எழுதுங்கள். நாளை மாலை ஒரு நாற்காலி போட்டு அந்தப் பெட்டிக்கு எதிரிலேயே உட்காருங்கள். பாட்டு நிற்கும் நொடியில் அதன் விளக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

இன்டர்நெட் வேகத்துக்குச் செலவு செய்தது வீண்தான், வருத்தமாக இருக்கிறது. ஸ்பாட்டிஃபையின் நல்ல தரத்துக்கே நொடிக்கு 320 கிலோபிட் போதும். சிடி தரத்துப் பாட்டு ஏறக்குறைய 1,411 கிலோபிட். ஐந்து அறையிலும் ஐந்து வேறு பாட்டு சிடி தரத்தில் ஓடினாலும் நொடிக்கு 10 மெகாபிட், அதாவது உங்கள் கணக்கில் 10 எம்பிக்குள் முடிந்துவிடும். வெளியிலிருந்து வீட்டுக்கு வருவது எப்போதும் போதுமான அளவு வருகிறது, வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதில்தான் சிக்கல்.

கல்வீடு_கோத்தகிரி

அண்ணா, நேற்று நீங்கள் சொன்னபடி நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மெஷ் பெட்டி சாப்பாட்டு அறையில், ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் அலமாரியில் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு பிளக்தான் உண்டு, அதில் ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசர். ஸ்டெபிலைசரின் அவுட்புட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு மாட்டி, அதில் ஃபிரிட்ஜும் மெஷ் பெட்டியும்.

6.52-க்கு அம்மா குளியலறை கீசரைப் போட்டார்கள், முன்னறையில் ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பல்பு மங்கியது. ஸ்டெபிலைசரில் டக் என்று ஒரு சத்தம், ஃபிரிட்ஜ் அடங்கியது, மெஷ் பெட்டியின் விளக்கு அணைந்தது, பாட்டு நின்றது. நான் கை வைக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று நிமிடம் கழித்து மறுபடி டக். பெட்டியில் சிவப்பு விளக்கு, அப்புறம் சிமிட்டிச் சிமிட்டி நீலம், அது நிலைத்த பிறகுதான் பாட்டு வந்தது, மொத்தம் நான்கரை நிமிடம். ஏழு மாதமாக இந்த டக் சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது!

கேத்தி_வயரிங்

ஆங், அதேதான். வோல்டேஜ் அதன் வரம்புக்குக் கீழே இறங்கினால் ஸ்டெபிலைசர் லைனைத் துண்டிக்கும். வோல்டேஜ் திரும்பியதும் உடனே கொடுக்காது, கம்ப்ரஸருக்கு அடிபடக் கூடாது என்று மூன்று நிமிடம்போல நிறுத்திவைத்துத்தான் கொடுக்கும். ஃபிரிட்ஜுக்கு அது வேண்டும். மெஷ் பெட்டிக்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பெட்டியின் கறுப்பு அடாப்டரைத் திருப்பி, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள், 100-240 வோல்ட் என்று இருக்கும். உங்கள் பல்பு மங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். ஸ்டெபிலைசரைத் தாண்டி நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்தாலே இந்த முதல் பிரச்சனை தீர்ந்தது. குளிர்காலத்தில் மாலை ஆனால் மலையில் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஒன்றாக ஏறுகின்றன, ஒரு ஹீட்டரே 2,000 வாட் இழுக்கும், லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். காலையில் ஏன் நிற்கவில்லை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அம்மா காலையில் விறகடுப்பில் வெந்நீர் போடுகிறார்கள்.

அடுத்தது கரண்ட் போய் வரும் நேரம். ஃபைபர் பெட்டி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும், ஸ்பீக்கர்கள் அதற்கு முன்பே எழுந்து ஐபி முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண்) தேடி, கிடைக்காமல் சில மாடல்கள் அப்படியே நின்றுவிடும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் போடுங்கள். வாங்கும் முன் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் இல்லை.

இரண்டாவது பிரச்சனை, அம்மா போன். உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர் தனித்தனியாக ஓடுகின்றன என்று நினைக்கிறேன். ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியும் ஒரு வைஃபை கொடுக்கிறது, நீங்கள் வாங்கிய மெஷ்ஷும் ஒன்று கொடுக்கிறது. இரண்டு போனிலும் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரி பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் இன்னொன்றில் 192.168.0 என்றும் தொடங்கினால் அம்மா வேறு நெட்வொர்க்கில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். போன் ஸ்பீக்கரைத் தேடுவது அந்த நெட்வொர்க்குக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பது மாதிரி, அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டி அடுத்த நெட்வொர்க்குக்குப் போகாது. இன்டர்நெட் இரண்டிலும் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, மெஷ்ஷைத் தனி ரவுட்டராக இல்லாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்.

மூன்றாவது, முற்றத்தில் எதிரொலி. அதில் ஸ்பீக்கரின் குற்றம் குறைவு. நம் மலைக் குளிரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஹால் ஸ்பீக்கர் உங்களுக்குப் பத்து மீட்டர் தள்ளியும் சமையலறை ஸ்பீக்கர் பக்கத்திலும் இருந்தால், இரண்டும் ஒரே கணத்தில் பாடினாலும் ஹாலின் சத்தம் 30 மில்லிசெகண்டு பின்னால் வரும். அந்த இடைவெளி கூடக்கூடக் காது அதைத் தனிச் சத்தமாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கும். சமையலறைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, முற்றத்துக்கு நேராக இருக்கும் ஹால் ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துப் பாருங்கள்.

கோடை_ஏரிச்சாலை

கொடைக்கானலில் சின்னதாக ஒரு தங்கும் விடுதி வைத்திருக்கிறோம், அந்த அனுபவத்தில் ஒரு வார்த்தை. விருந்தினருக்கென்று தனி வைஃபை போட்டிருந்தோம், அதில் இருக்கும் போன்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது, பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்கும். எங்கள் பையன் தெரியாமல் சாப்பாட்டுக் கூடத்து ஸ்பீக்கரை அந்த கெஸ்ட் வைஃபையில் சேர்த்துவிட்டான், இரண்டு வாரம் எங்கள் போனில் அது தெரியவே இல்லை. அதையும் ஒரு தடவை பாருங்கள் தம்பி.

அப்புறம் அப்பாவுக்கு வானொலி பிடிக்கும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோடை பண்பலை 100.5 ஓடாமல் பொழுது விடியாது. அதை ஆப்பில் கேட்டால் சில விநாடி பின்னால் வரும், இன்டர்நெட் போனால் அதுவும் போகும். அதனால் வெளியிலிருந்து வயரில் ஒலி வாங்கும் துளை (லைன்-இன்) இருக்கும் ஸ்ட்ரீமர், அதாவது வைஃபையில் பாட்டு அனுப்பும் பெட்டி ஒன்று வாங்கி, பழைய ரேடியோவின் ஹெட்போன் துளையிலிருந்து அதில் வயர் கொடுத்தோம். விம் (WiiM) கம்பெனியின் ஸ்ட்ரீமர் லைன்-இன்னில் வருவதை அதே கம்பெனியின் மற்றப் பெட்டிகளுக்கும் அனுப்பும், எல்லா அறையிலும் ரேடியோ. சமையலறையில் ஒன்று, மாமனார் அறையில் ஒன்று. காலையில் ரேடியோவின் குமிழைத் திருப்பினால் போதும், அவர் போனைத் தொடுவதே இல்லை. கண் தெரியாதவருக்கு அந்தக் குமிழ் எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பீக்கர் எதை வாங்கினாலும் கையில் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மாதிரி மேடான பட்டன் இருப்பதை வாங்குங்கள், வழவழவென்று தொடுதிரை மாதிரி இருப்பதை அவருக்கு வாங்காதீர்கள்.

குன்னூர்_பனி

அக்கா சொன்னது முக்கியமான விஷயம். எங்கள் அத்தைக்கும் தொடுகிற வகைதான் வாங்கினோம், விரல் பட்ட இடத்திலெல்லாம் சத்தம் ஏறி இறங்குகிறது. ஆனால் கேத்தி அண்ணா, மெஷ் பெட்டி நிற்காமல் ஓடினாலும் இரண்டடிக் கல்லைத் தாண்டி சிக்னல் எப்படிப் போகும்? எங்கள் பின்னறையில் அவ்வப்போது விக்குகிறது.

கேத்தி_வயரிங்

நல்ல கேள்வி. மெஷ் என்றால் கல்லை ஊடுருவும் என்று நினைத்து வாங்குகிறார்கள், அது அப்படி இல்லை. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவிலும் வைஃபைதான், அந்த வைஃபையும் அதே சுவரைத்தான் தாண்ட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரில் சீக்கிரம் செத்துவிடும். 2.4 கொஞ்சம் கூடுதலாகப் போகும். போனில் வைஃபை அளக்கும் ஆப் ஒன்று போட்டு ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் பிடியுங்கள், சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் (dBm) பக்கத்தில் இருந்தால் நல்லது, மைனஸ் 80-ஐத் தொட்டால் விக்கும். தகரக் கூரையும் அலையைத் திருப்பி அடிக்கும், அதனால் இரண்டடி நகர்த்தி வைத்தாலே சில நேரம் சரியாகிவிடும், கதவுக்கு நேராக வைத்துப் பாருங்கள்.

ஆனால் என் மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். கல் வீட்டில் வயர்லெஸ் ஸ்பீக்கர் நன்றாக ஓட வேண்டுமென்றால் ஒரு வயர் இழுக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் வேண்டாம், முன்கட்டிலிருந்து பின்கட்டு மெஷ் பெட்டிக்கு ஒரே ஒரு கேட் 6 நெட்வொர்க் வயர். 100 மீட்டர் வரை அது போகும். அதற்கப்புறம் பின்கட்டு ஸ்பீக்கர்கள் தங்கள் பக்கத்திலேயே இருக்கும் பெட்டியோடு பேசும், சுவரைத் தாண்டும் வேலை அவற்றுக்கு இல்லை. புது ஸ்பீக்கர் ஒன்றின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 305 மீட்டர் பெட்டியாக வாங்காதீர்கள், கோவையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அலுமினியத்தில் செம்பு பூசியதைக் கொடுப்பார்கள், முழுச் செம்பு என்று கேட்டு, முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். சீலிங் பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் எலி இருக்கும், குழாய்க்குள் போட்டே இழுங்கள். வெளியே போகிற இடத்தில் குரங்கு பிடித்துத் தொங்கும், அங்கேயும் குழாய். பின்கட்டு தனிக் கட்டடமாகத் தள்ளி இருந்தால் மட்டும் செம்பு வயர் வேண்டாம், இடி மின்னலில் இரண்டு பக்கமும் எரிந்துவிடும், அந்த இடத்துக்கு ஃபைபரும், அதை நெட்வொர்க் வயரோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டரும் போட வேண்டும்.

மஞ்சூர்_மழை

வாங்குவது பற்றியும் எழுதியாக வேண்டும், இழையின் தலைப்பே அதுதானே. நான் கடந்த பத்து வருடத்தில் மூன்று வகை மாற்றியவன். இப்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, இந்த ஸ்பீக்கர் அதன் கம்பெனியின் சர்வர் இல்லாமல், அதன் ஆப் இல்லாமல் பாடுமா என்பது. ஏன் என்று சொல்கிறேன். குரோம்காஸ்ட் ஆடியோ என்று கூகுள் 2015-இல் ஒன்று விட்டது, அருமையான சின்ன வட்டப் பெட்டி, 2019-இல் நிறுத்திவிட்டார்கள். வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள், 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றது, பின்னர் கூகுள் சரி செய்தது. சோனோஸ் ஒலியில் குறை சொல்ல முடியாத கம்பெனி. அவர்களே 2024 மே மாதம் ஆப்பை அடியோடு மாற்றினார்கள், அலாரம், தூங்கும் நேர டைமர் எல்லாம் கொஞ்ச காலம் காணாமல் போயின, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, 2025 ஜனவரியில் தலைமை அதிகாரி விலகினார். பெட்டிகளில் எந்தக் கோளாறும் இல்லை. வெளியே எங்கேயோ ஒன்று மாறியது, நம் வீட்டில் பாட்டு நின்றது.

அதனால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால், போனிலிருந்து வைஃபையில் ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் ஆப்பிளின் ஏர்பிளே 2 இருக்கும் எதையும் கலந்து வாங்கலாம், கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு என்றால் அதே வேலையைச் செய்யும் கூகுள் காஸ்ட் இருப்பதைத் தேடுங்கள். ஈத்தர்நெட் துளையும் ஆக்ஸ் துளையும் இருந்தால் இன்னும் நல்லது, எல்லாம் கைவிட்டாலும் ஆக்ஸ் வயர் சொருகினால் பாடும். ப்ளூடூத் மட்டும் இருப்பதை வீடு முழுக்க என்று நம்பி வாங்காதீர்கள், நம் சுவருக்கு அது அடுத்த அறைக்கே போகாது. கையில் கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு என் வழி: ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியில் ஸ்னாப்காஸ்ட் என்ற இலவச மென்பொருள். அது எல்லா அறைக்கும் நேரக்குறிப்போடு ஒலியை அனுப்பி, ஒரு விநாடி தேக்கிவைத்து, ஒரே கணத்தில் பாட வைக்கிறது. மழையில் இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாதபோதும் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டு எல்லா அறையிலும் ஓடுகிறது. டிவி சத்தத்துக்கு மட்டும் அது சரிவராது, அந்த ஒரு விநாடி உதட்டசைவோடு ஒட்டாது.

ஈரத்தையும் மறக்காதீர்கள். ஆடி ஐப்பசியில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. ஸ்பீக்கரை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாதக்கணக்கில் அணைத்தும் வைக்காதீர்கள். ஸ்டாண்ட்பையில் இருந்தால் உள்ளே லேசாகச் சூடு இருக்கும், பனி இறங்காது.

கேத்தி_வயரிங்

மஞ்சூர்காரர் சொல்வதெல்லாம் சரி, ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பெரியவர் இருக்கும் வீட்டில் ராஸ்பெர்ரி பை வைத்தால் அதைச் சரி செய்யத் தெரிந்தவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். தம்பி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நின்றால் அம்மாதான் பார்க்க வேண்டும். இப்போது இருக்கும் ஐந்தையே வைத்துக்கொண்டு அடிப்படையைச் சரி செய்யட்டும்.

மஞ்சூர்_மழை

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. அவர் வீட்டுக்கு அதுதான் சரி.

கல்வீடு_கோத்தகிரி

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மெஷ் பெட்டியை ஸ்டெபிலைசரிலிருந்து எடுத்து, எலக்ட்ரீஷியனை வைத்துப் பக்கத்திலேயே தனி பிளக் போட்டேன். அன்று மாலையே கீசர், ஹீட்டர் இரண்டையும் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தோம், டக் என்றது, ஃபிரிட்ஜ் நின்றது, பாட்டு நிற்கவில்லை. எட்டு நாளாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. காலை வெந்நீர் விறகடுப்பில்தான் அண்ணா, அம்மாவிடம் கேட்டேன், சிரித்துவிட்டார்கள்.

அம்மா போனில் 192.168.1, என் போனில் 192.168.0. ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்து, மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினேன், இப்போது அம்மா போனிலும் ஐந்தும் தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமை நானும் சித்தப்பா பையனும் சீலிங்குக்கு மேலே ஏறி 34 மீட்டர் கேட் 6 இழுத்தோம், முழுக்கக் குழாய்க்குள். அப்பாவின் அறையில் சிக்னல் மைனஸ் 78 இருந்தது, வயர் மாட்டிய பிறகு மைனஸ் 52.

புது ஸ்பீக்கர் வாங்கவில்லை. கோடை அக்கா சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு ஆக்ஸ் துளை இருக்கிறது, அதில் வருவதை மற்ற நான்குக்கும் அனுப்பும் வசதி ஆப்புக்குள் இருந்திருக்கிறது, இத்தனை நாள் நான் பார்க்கவே இல்லை. அதை அப்பாவின் அறைக்கு மாற்றி, அவருடைய பழைய டிரான்சிஸ்டரைக் கட்டில் பக்கத்தில் வைத்து வயர் கொடுத்துவிட்டேன். வால்யூம் குமிழ் பக்கம் ஒரு துண்டு துணி டேப் ஒட்டியிருக்கிறேன், விரலுக்குத் தெரிய.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மழை தகரத்தில் விழும்போது சமையலறையில் பாட்டு சுத்தமாகக் கேட்பதில்லை, சத்தத்தை ஏற்றினால் மழை விட்டதும் அலறுகிறது. இதற்கு யாராவது ஏதாவது செய்திருக்கிறீர்களா?

கோடை_ஏரிச்சாலை

எங்கள் சாப்பாட்டுக் கூடமும் தகரம்தான் தம்பி. ஸ்பீக்கரை மேல் அலமாரியிலிருந்து இறக்கி, ஆள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் காது உயரத்தில் வையுங்கள். பாதி தூரம் குறைந்தால் அதே சத்தம் நன்றாகவே கேட்கும், ஏற்ற வேண்டியிருக்காது.